பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ரவுட்டரைப் பாருங்க!

இன்ஜினீயரிங் கவுன்சலிங் 2018-லிருந்து ஆன்லைனுக்கு மாறிவிட்டது. போன வருஷம் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் தம்பி காலேஜ் லிஸ்ட்டைப் பதிவுசெய்ய உட்கார்ந்தான். அன்று மாலைதான் கடைசி. ஸ்கிரீனில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவே இல்லை.

நெட் ஸ்லோ என்று ஒரு வாரம் முன்புதான் அப்பா 50 எம்.பி.பி.எஸ் பிளானை 100-க்கு மாற்றியிருந்தார். ("எம்.பி.பி.எஸ்-ஸா? டாக்டருக்கா படிக்கப்போறான்?" என்றார் பாட்டி.) காசு கூடியது, வேகம் கூடவில்லை.

போன் செய்ததும் வந்த கேபிள்காரர், ரவுட்டரிலிருந்து லேன் ஒயரை நேராக லேப்டாப்பில் செருகி ஸ்பீடு டெஸ்ட் போட்டார். 94 காட்டியது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதே லேப்டாப்பில் படுக்கையறையிலிருந்து வைஃபையில் பார்த்தால் வெறும் 3.

"லைன்ல தண்ணி நல்லாத்தான் வருதும்மா. உங்க வீட்டுக் குழாய்தான் அடைச்சிருக்கு" என்றார் அம்மாவிடம்.

ரவுட்டர் இருந்த இடம் அப்படி. டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி. போதாததற்கு, தூசி படியக் கூடாதென்று அம்மா அதன்மேல் துணி போட்டு மூடியிருந்தார். இரும்பு சிக்னலை மறிக்கும். காற்றில்லாமல் சூடேறினால் ரவுட்டர் திணறும். தம்பி அன்று ஒயர் மாட்டியே லிஸ்ட்டை முடித்தான். மறுநாள் ரவுட்டர் ஹாலுக்கு நடுவில், ஆள் உயரத்தில் ஏறியது. இப்போது படுக்கையறையிலும் 40-க்குக் குறைவதில்லை.

உங்கள் வீட்டிலும் முதலில் இந்த ஒயர் டெஸ்ட்டைச் செய்யுங்கள். ஒயரிலும் வேகம் இல்லையென்றால் கோளாறு லைனில் இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக டிராய் விதியில் வழி இருக்கிறது.

ஒயரில் வேகம் வந்து வைஃபையில் வரவில்லையா? இடத்தை மாற்றுங்கள். பல ரவுட்டர்களில் இரண்டு வைஃபை பெயர்கள் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில் நெரிசல் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டச் சிரமப்படும். ஒரே அறையில் என்றால் அதைப் பிடியுங்கள். பெயரில் '5ஜி' என்று இருந்தாலும் மொபைல் 5ஜி-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

200 பிளானுக்கு ஆசைப்படுகிறவர்கள், ரவுட்டரில் ஜிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பழைய போர்ட் என்றால் 100-ஐத் தாண்டாது.

கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் கதையே வேறு. வெள்ளிமலையில் எங்கள் சித்தி வீட்டில் சிம் போடும் ரவுட்டர். நான் அறிவாளித்தனமாக அதையும் வீட்டு நடுவில் வைத்தேன். இருந்த சிக்னலும் போனது! அங்கே அடைப்பு டவருக்கும் ரவுட்டருக்கும் நடுவில். போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக நடந்தோம். கிழக்கு ஜன்னலில் மூன்று கோடு வந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ரவுட்டரை அங்கேயே உட்கார வைத்துவிட்டோம். சின்ன வீடுதான், வைஃபை அடுப்படி வரை வருகிறது.

எந்த ஜன்னலிலும் ஒரு கோடுகூட வராத வீடுகளும் அந்த மலையில் உண்டு. அவர்கள் புது ரவுட்டர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அங்கே வர வேண்டியது டவர்.