நடந்தால் வலி, நின்றால் நிம்மதியா?

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. இதை வயதின் கோளாறு என்று நாம் விட்டுவிடுகிறோம். காலுக்குச் செல்லும் ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து அடைத்திருக்கலாம். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

ரத்தம் போதாதபோது தசையும் பழுதாகிறது; தசை இழைகள் மெலிந்து வலுவிழக்கின்றன. வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டால் இன்னும் மெலியும்.

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டே பெரும்பாலும் இதைக் கண்டறிகிறார்கள். மருத்துவர் அனுமதித்தால், வலி வரும்வரை நடந்து, நின்று, வலி தணிந்ததும் மீண்டும் நடக்க வேண்டும்: வாரம் 3 நாள், குறைந்தது 12 வாரம். புகையை அறவே விட வேண்டும்.

படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, கால் புண் ஆறாவிட்டாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டால் உடனே மருத்துவமனைக்கு விரைவோம்.