உடன் ஓடியவர்

செஞ்சி என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவன் தேசிங்கு ராஜன். ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறு படை கொண்டு எதிர்த்து, 1714-ஆம் ஆண்டில், இருபத்திரண்டே வயதில் மாண்டவன். நமக்கோ அவனைவிட அவனுடைய தோழன் மகபத்கான் மீதே மனம் செல்வதுண்டு. கதைப்பாட்டில் மோவுத்துக்காரன் என வழங்கும் அந்த இஸ்லாமிய இளைஞன், தன் திருமணத்தையும் விட்டுவிட்டு நண்பனோடு போர்க்களம் புகுந்தான் என்பது கதை. வெல்ல இயலாத போர் என்று அவனும் அறிந்தே இருந்திருப்பான். சிறு வயது முதல் கேட்டு வந்த இக்கதை நமக்கு உறைத்தது நாற்பத்தேழாம் வயதில், அதுவும் கால் ஒடிந்த பின்னரே.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பங்கு இளைஞர் சிலரை இராஜகிரிக்கு அழைத்துச் சென்றோம். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள மலை அது. ஏறும்போது இளைஞருக்கு அறிவுரை கூறிக்கொண்டே ஏறிய நாம், இறங்கும்போது முந்திய இரவின் மழையில் நனைந்திருந்த ஒரு படியில் வழுக்கி விழுந்தோம். வலது கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்தது. நம் அறிவுரையைக் கேட்ட இளைஞர்களே நம்மைச் சுமந்து கீழே சேர்த்தனர். புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடுமாறு உறவினர் பலர் சொல்ல, நாம் மருத்துவமனைக்கே சென்றோம். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு ஞாயிறும் பங்குத்தந்தை நற்கருணையை வீட்டிற்கே கொணர்ந்தார்.

கட்டைப் பிரித்த அன்றுதான் மெய்யான துயரம் தொடங்கியது. எலும்பு கூடிவிட்டால் எல்லாம் கூடிவிட்டது என்று எண்ணியிருந்தோம். அவ்வாறன்று. அசையாமல் கிடந்த கெண்டைக்கால் சதை மெலிந்து, ஒரு கால் தகப்பனுடையதும் மறு கால் மகனுடையதும் போலத் தோன்றிற்று. மூட்டு இறுகியிருந்தது. அதனினும் விந்தை, பாதத்தை எங்கே வைக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்காமலே உணரும் திறனும் மழுங்கியிருந்தது. பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக்காலில் நிற்குமாறு பயிற்சியாளர் பணித்தார். முதல் நாள் மூன்று நொடி கூட நிற்க முடியவில்லை. வீட்டில் உள்ளவர்கள் கொக்கு என்று பெயரிட்டனர். படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, பிறகு நடை, பிறகு நடையின் நடுவே ஒரு நிமிட ஓட்டம் என, உயிர்த்த ஞாயிறு முதல் ஆவணி வரை காலம் ஓடிற்று.

விபத்துக்கு முன் எட்டு ஆண்டுகளாக நம்மோடு சிங்கவரம் சாலையில் விடியற்காலையில் ஓடி வந்த நண்பர் ஒருவர் உண்டு. நம்மைவிட நான்கு வயது இளையவர், அதே பங்கைச் சேர்ந்தவர். நாம் நொண்டி நடந்த நாட்களில் அவரும் ஓட்டத்தை விட்டு நம்மோடு நடந்தார். ஒரு நாள், "அண்ணே, பிப்ரவரியில் ஆரோவில் அரை மாரத்தானுக்கு நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன்" என்றார். நம்மைக் கேட்காமலே!

அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டரும் ஏறக்குறைய நூறு மீட்டரும். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமே பின்னர் முழு மாரத்தானுக்கு நிலையான அளவாயிற்று. அதில் சரி பாதி இது. இயலுமா என்று அஞ்சியபோது நண்பர் மேஜர் டி. பி. சிங்கைப் பற்றிக் கூறினார். 1999 கார்கில் போரின்போது குண்டு வெடித்துப் படுகாயமுற்று, இறந்தவர் என்றே கருதப்பட்டுப் பிழைத்தவர். ஒரு காலை இழந்தவர். அவர் 2009-இல் செயற்கைக் காலுடன் தில்லி அரை மாரத்தானை ஓடி முடித்தார். 2011-இல், தம்மைப் போல் உறுப்பிழந்தோரை ஊக்குவிக்க ஓர் அமைப்பையும் தொடங்கினார். இரண்டு கால்களும் உள்ள நாம் அதற்குமேல் மறுத்துப் பேச வழியில்லை.

ஆரோவில் ஓட்டம் 2008-இல் தொடங்கியது. அதில் பரிசும் இல்லை, முதலிடம் கடைசியிடம் என்ற வரிசையும் இல்லை. செம்மண் தடத்தில், மரங்களுக்கு இடையே ஓட வேண்டும். ஓட்டம் ஞாயிறு விடியலில் என்பதால், சனிக்கிழமை மாலைத் திருப்பலி கண்டுவிட்டே புறப்பட்டோம். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்பது எங்கள் ஏற்பாடு. முதல் பத்து கிலோமீட்டர் இனிதே கழிந்தது.

பதினான்காவது கிலோமீட்டரில் கணுக்கால் முணுமுணுக்கத் தொடங்கியது. கெட்டுப்போனது கால் மட்டுமன்று, நம் குணமும்தான். நண்பர் தனியே ஓடினால் இரண்டு மணிக்குள் முடித்துவிடுவார். நமக்காகக் காலைக் குறுக்கி வைத்துப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். குழந்தைகளும் முதியோரும்கூட எங்களைக் கடந்து சென்றனர். அவர் மூச்சு வாங்கவே இல்லை என்பதுகூட நமக்குக் குற்றமாகப் பட்டது. உதவி பெறுவது இத்தனை கசக்கும் என்று அதற்குமுன் நாம் அறியோம். "நீ போ தம்பி. எனக்காக நின்று புண்ணியம் தேட வேண்டாம்" என்று சினந்து கூறிவிட்டோம்.

அவர் ஒன்றும் சொல்லாமல் முன்னே ஓடினார். ஒரு வளைவில் மறைந்தும் போனார். நாம் கேட்டதுதான் கிடைத்தது. ஆனால் அந்த ஐந்நூறு மீட்டரைப் போல் நீண்ட வழியை நாம் கண்டதில்லை. வளைவு கடந்தால் தண்ணீர் மேசை அருகே கையில் இரண்டு குவளையுடன் நிற்கிறார். "கல்லறைக்கு யோவான்தானே முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தார்? உள்ளே போகாமல் பேதுரு வரும்வரை நின்றாரே, அது புண்ணியம் தேடவா அண்ணே?" என்றார். நாம் தண்ணீரைக் குடித்தோம். மன்னிப்புக் கேட்டோமா என்று நினைவில்லை; கேட்டிருக்க வேண்டும்.

மூன்று மணி ஆறு நிமிடத்தில் இருவரும் முடித்தோம். கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பெரும்பாலும் நடந்தே கடந்தோம் என்பதை மறைப்பானேன்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள், நண்பர் ஆலயத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தார். இயல்பான எட்டை மூன்று மணி நேரம் குறுக்கியே வைத்ததில் அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது. ஓட்டத்தின்போது வாய் திறக்கவில்லை அந்த மனிதர். திருப்பலி முடிந்து ஆலயப் படியிறங்கும்போது, நம் தோளை ஒரு கையால் பற்றிக்கொண்டு, "மெதுவாக, அண்ணே" என்றார்.