ஆகாச கந்தீல்

தீபாவளி நெருங்கும்போது மும்பை, புனே, நாசிக் முதலிய மகாராட்டிர நகரங்களில், வாசலுக்கு மேலோ மாடி முகப்பிலோ வண்ணக் காகிதக் கூண்டு விளக்கொன்று தொங்கக் காணலாம். அதனை மராத்தி மக்கள் ஆகாச கந்தீல் என்பர். கார்த்திகை மாதத்தில் முன்னோரை எண்ணி வானத்தை நோக்கி விளக்கேற்றுவது வட இந்தியாவின் பழைய வழக்கம். காசியின் படித்துறைகளில் உயர்ந்த மூங்கில் கழிகளின் உச்சியில், கூடைக்குள் தீபம் வைத்து ஏற்றுவதை இன்றும் காணலாம். ஆகாச கந்தீல் அதற்கு நெருங்கிய உறவுடையது.

மும்பையின் மாகிம் பகுதியில் கந்தீல் கல்லி என்றே அழைக்கப்படும் தெரு ஒன்று உண்டு. பண்டிகைக் காலத்தில் அங்கே விளக்குகள் வரிசையாகத் தொங்கும். கடையில் வாங்குவது எளிது. ஆயினும் சிறுவர்கள் கூடி வீட்டிலேயே கந்தீல் கட்டும் பழக்கம் மறைந்துவிடவில்லை.

கந்தீலின் எலும்புக்கூடு மூங்கில் குச்சிகளால் ஆனது. வெளிப்புறம் உறுதியான தாவரங்களைத் தொல்காப்பியம் புல் என்று வகுக்கிறது. இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்திலேயே சேர்க்கிறது. மூங்கிலைப் பிளப்பவர்களுக்கு இவ்வுண்மை கைப்பழக்கத்தால் தெரியும். உட்பக்கத்து மென்மையான பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, தோலை ஒட்டிய பகுதியையே அவர்கள் குச்சியாக்குவர். சிம்புகள் கையில் ஏறாதிருக்க, குச்சிகளை உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும்.

20 செ.மீ. நீளமுள்ள 24 குச்சிகளை நான்கு நான்காக நூலால் கட்டினால் ஆறு சதுரங்கள் கிடைக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே; மற்ற நான்கும் முனை மேல் நிற்குமாறு பக்கங்களில் அமையும். இவற்றை மூலைக்கு மூலை சேர்த்துக் கட்டும்போது, புதிய குச்சி எதுவும் இல்லாமலேயே சதுரங்களுக்கு இடையில் எட்டு முக்கோணங்கள் தோன்றுகின்றன. முதன்முறை கட்டுபவர்களுக்கு இது சிறு வியப்பாகவே இருக்கும்.

ஆனால் இந்தக் கூடு இன்னும் நிலைபெறவில்லை. கையில் எடுத்தால் நெளியும், அழுத்தினால் சுருங்கும். காரணம் சதுரங்களே. முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாத வரை அதன் வடிவமும் மாறாது. சதுரமோ அப்படியன்று, பக்கங்கள் அதே நீளத்தில் இருக்க, மூலைகள் மட்டும் சாய்ந்து சதுரம் சாய்சதுரமாகிவிடும். எனவே ஒவ்வொரு சதுரத்திற்கும் மூலைவிட்டமாக, ஏறத்தாழ 28 செ.மீ. நீளமுள்ள குச்சி ஒன்றைக் கட்ட வேண்டும். சதுரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்தவுடன் கூடு முழுவதும் விறைத்து நிற்கும். அவசரக்காரர்கள் இந்த ஆறு குச்சிகளை விட்டுவிட்டுக் காகிதத்தை ஒட்டுவர். சில நாட்களில் கந்தீல் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

பிறகு காற்றாடி செய்யும் மெல்லிய தாளை ஓரத்தில் ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டி, குச்சியைச் சுற்றி மடித்து, மைதாப் பசையால் ஒட்டுவர். பக்கச் சதுரங்களுக்கு ஒரு நிறமும் முக்கோணங்களுக்கு வேறு நிறமும் அமைவது அழகு. கீழ் மூலைகளில் காகித வால்கள் காற்றில் அசையும். மேல், கீழ்ச் சதுரங்களில் மட்டும் தாள் ஒட்டக்கூடாது. உள்ளே சூடாகும் காற்று மேலே வெளியேற அவை வழிவிடுகின்றன. விளக்கை மாற்றக் கை நுழைவதும் கீழ்வழியாகத்தான்.

காகிதமும் வெப்பமும் ஒரே கூண்டில் இருப்பதால் விளக்கில் கவனம் மிக வேண்டும். முன்பு இவற்றுள் எண்ணெய் விளக்கு எரிந்தது. பின்னர் இழை மின்குமிழ் வந்தது. அக்குமிழ் தான் பெறும் மின்சாரத்தின் பெரும்பகுதியை ஒளியாக்காமல் வெப்பமாகவே வெளியிடும். எல்.இ.டி. விளக்கு அந்த அளவு சூடாவதில்லை. 5 வாட் அளவே இக்கூண்டிற்குப் போதும். மேல் மூலைவிட்டக் குச்சியில் ஹோல்டரைக் கட்டி, விளக்கு நடுவில் தொங்குமாறு செய்தால், சுற்றிலுமுள்ள தாள் ஏறத்தாழ 14 செ.மீ. தொலைவில் இருக்கும். மின்கம்பி இணைக்கும் வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். கந்தீலின் எடையை மின்கம்பி தாங்கலாகாது. அதற்கெனத் தனிக்கயிறு வேண்டும். ஐப்பசி மழை எட்டாத இடமாகப் பார்த்து மாட்டுவதும் அவசியம்.

மாலையில் விளக்கைப் பொருத்தியதும் மூங்கில் குச்சிகளின் நிழல் வண்ணத் தாள்களில் மெல்லிய கோடுகளாகப் படியும். சில வீடுகளில் கார்த்திகைப் பௌர்ணமி வரையிலும் இவ்விளக்கு நாள்தோறும் எரியும்.