ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா கார் ஏன் உதறுது? எது இயல்பு, எது பழுது?

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட். ஒரு பக்கம் தூண், பின்னால் சுவர். "ஒடிங்க சார், இன்னும் ஒடிங்க" என்று வாட்ச்மேன் கை காட்டுகிறார். ஸ்டீயரிங் கடைசிவரை திரும்பிய நிலையில் கார் மெதுவாக ஊர, முன்பக்கத்திலிருந்து 'தட்... தட்...' என்று ஓர் உதறல். டயர் தரையில் துள்ளித் துள்ளி நகர்வது போல இருக்கும்.

புது கார் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். இதற்குப் பயந்து, தேவையில்லாமல் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றிப் பணத்தை விடுபவர்கள் உண்டு. 'எல்லா காரும் இப்படித்தான்' என்று விட்டுவிட்டு, நிஜமான பழுதோடு நெடுஞ்சாலைக்குப் போகிறவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் செலவும் மிச்சம், பயமும் மிச்சம்.

இரண்டு சக்கரம், இரண்டு வட்டம்

கார் வளையும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2.5 மீட்டரும், இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டரும் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வெளி முன்சக்கரம் 5 மீட்டர் ஆரத்தில் ஒரு முழு வட்டம் அடித்தால் சுமார் 31 மீட்டர் ஓடும். உள் முன்சக்கரம் 24 மீட்டர்தான் ஓடும். இரண்டும் இழுபறி இல்லாமல் உருள வேண்டுமானால், வெளிச் சக்கரம் 30 டிகிரி திரும்பும்போது உள் சக்கரம் சுமார் 41 டிகிரி திரும்ப வேண்டும்.

இந்தக் கணக்கு குதிரை வண்டிக் காலத்திலேயே தெரிந்ததுதான். மியூனிக் நகரின் வண்டி தயாரிப்பாளர் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கான அமைப்பை உருவாக்கினார். இங்கிலாந்தில் அவர் சார்பாக 1818-ல் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மேன். அதனால் 'ஆக்கர்மேன் அமைப்பு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால், எந்த காரிலும் இந்தக் கணக்கு எல்லா கோணத்திலும் கச்சிதமாகப் பொருந்தாது. இன்ஜினுக்குப் பக்கத்தில் கிடைக்கும் கொஞ்ச இடத்தில் ஸ்டீயரிங் கம்பிகளை அடக்க வேண்டும். வேகமாகப் போகும்போது கார் நிலையாக வளையவும் வேண்டும். இதற்காகப் பொறியாளர்கள் சமரசம் செய்துகொள்கிறார்கள். லேசாக வளையும்போது அந்த வித்தியாசம் தெரியாது. முழுசாக ஒடிக்கும்போதுதான் வெளியே வரும்.

41 டிகிரி திரும்ப வேண்டிய சக்கரம் 37-ல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு திசையைப் பார்க்கிறது. கார் அதை வேறு திசைக்கு இழுக்கிறது. டயர் ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங் போல முறுக்கிக்கொள்ளும். இழுவை அதிகமானதும் பிடி விட்டுச் சறுக்கும். உடனே மறுபடி பிடிக்கும். பள்ளிக்கூட பெஞ்சைத் தரையில் இழுத்தால் 'தடதட'வென அதிருமே, அதே கதைதான்.

தேர்த் திருவிழா பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தேர்ச் சக்கரங்கள் காரின் முன்சக்கரம் போலத் திரும்பாது. திருவாரூர் ஆழித்தேரை வீதி முனையில் திருப்பும்போது, சக்கரங்களுக்குக் கீழே கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளை வைப்பார்கள். பிடிப்பைக் குறைத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் சறுக்க விடும் உத்தி அது.

எந்தக் காரில் அதிகம்?

அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர்கள் உள்ள பெரிய கார்களில் உதறல் நன்றாகத் தெரியும். குளிரிலும் கூடும். கோடைக்கால டயர்களின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிவிடுவதே காரணம். ஊட்டியின் ஜனவரி காலைகளில் உதறும் கார், கோவைக்கு இறங்கியதும் சாதுவாகிவிடலாம். பளபளப்பான மால் பார்க்கிங் தரையில் இதே சறுக்கல் 'கீச்' சத்தமாக வரும்.

ஜிம்னி, தார் போன்ற வண்டிகளின் ஃபோர் வீல் டிரைவ் மாடல்களை வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஃபோர் வீல் டிரைவைப் போட்டதும் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. வளைவிலோ, முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். மணலிலும் சேற்றிலும் டயர் சறுக்கி அதைச் சமாளித்துவிடும். காய்ந்த தார்ச் சாலையில் சறுக்க வழியில்லாமல் வண்டி துள்ளும்; கியர் பாகங்களில் முறுக்கம் ஏறும். இது பெரிய செலவில் கொண்டுபோய் விடும். தார்ச் சாலைக்கு வந்ததும் டூ வீல் டிரைவுக்கு மாறிவிடுங்கள்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

* காய்ந்த சிமென்ட் தரையில் உதறல் இருந்து, அதே இடத்தில் தண்ணீர் ஊற்றினாலோ, மண் தரையிலோ குறைகிறதா? ஸ்டீயரிங்கைக் கால் சுற்று திருப்பி விட்டதும் நிற்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் டயர் சறுக்கல்தான்.

* எந்தத் தரையிலும் 'டக் டக் டக்' என்று வந்து, வேகத்தோடு சேர்ந்து சத்தமும் விரைகிறதா? சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தின் உள்பக்கம் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது முற்றிலும் உடைந்தால் இன்ஜின் ஓடும், கார் நகராது.

* 'சரசர' என்று உரசுகிறதா? கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் அது உள் பிளாஸ்டிக்கில் இடிக்கலாம்.

* நேராகப் போகும்போதும் அதிர்கிறதா? வீல் பேலன்ஸிங்கில் தொடங்கி, பேரிங், பால் ஜாயின்ட் வரை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

காற்று அழுத்தத்தை டிரைவர் கதவோரம் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கே வையுங்கள். டயரின் ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பாருங்கள். கார் நிற்கும்போதே ஸ்டீயரிங்கை ஒடிக்காமல், கொஞ்சம் நகரவிட்டு ஒடியுங்கள். இடம் இருந்தால் கடைசிவரை ஒடிக்காமல், இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புங்கள். அரை நிமிடம் கூடுதலாக ஆகும். டயர் கூடுதலாகச் சில ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கலாம்.