அந்த வியர்வை வேறு, இந்த வியர்வை வேறு

உள்ளங்கை ஈரத்தால் ரேஷன் கடையில் ரேகை விழாத பெண்ணை ஆதார் மையத்துக்குத் துரத்துகிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருப்பவருக்கு, வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கை வியர்க்கிற பையன் கடன் வாங்கி நரம்பை வெட்டிக்கொள்ளப் போகிறான். இந்த மூன்றும் நம் ஊரில் ஓயாமல் நடக்கின்றன. பயப்பட வேண்டிய வியர்வையை உதறிவிட்டு, பயப்பட வேண்டாத வியர்வைக்குக் கத்தியைத் தேடுகிறோம்.

உயிர் போகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று உடம்பு சில்லிட்டு வியர்த்துக் கொட்டுகிறது, கூடவே நெஞ்சு, தோள், தாடை, இடது கை இவற்றில் எங்கேயாவது பாரமோ வலியோ இருக்கிறது, அல்லது மூச்சு வாங்குகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். சுக்குக் கஷாயம், ஓமத் தண்ணீர், பக்கத்து வீட்டுக்காரரின் ஏப்ப மாத்திரை எல்லாம் பிறகு. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பில் நெஞ்சு வலியே வராமல் போகலாம், வியர்வையும் களைப்பும் மட்டும் தெரியலாம். 'வலி இல்லையே' என்று காத்திருக்காதீர்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அவருக்கும் 108தான். ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த நேரத்தில் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும். வியர்வை மட்டும் அமுங்காது. அந்த ஒரே அறிகுறியையும் மின்விசிறியைக் கூட்டிவைத்துத் துடைத்துவிடுகிறோம்.

அவசரம் இல்லாத வியர்வைக்கு வருவோம். கேட்க வேண்டிய முதல் கேள்வி, தூக்கத்தில் வியர்க்கிறதா என்பது. உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் என்று சில இடங்களில் மட்டும், இரண்டு பக்கமும் ஒரேபோல வியர்த்து, தூங்கினால் நின்றுவிடுகிறது. பள்ளி வயதிலோ, எப்படியும் இருபத்தைந்துக்கு முன்போ தொடங்கியது. வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்தது. இதெல்லாம் பொருந்தினால் அது 'பிரைமரி ஹைப்பர்ஹைட்ரோசிஸ்'. வியர்வைச் சுரப்பி கெட்டுப்போகவில்லை, அதைத் தூண்டும் நரம்பு கொஞ்சம் அதிகமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். சூட்டு உடம்பும் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை.

நடுவயதில் புதிதாக உடம்பு முழுக்க வியர்த்தாலோ, இரவில் பாய் நனைந்தாலோ கதை வேறு. தைராய்டு, மாதவிடாய் நிற்கும் பருவம், சில மனநல மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மாத்திரை என்று காரணம் பல இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அட்டையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவு வியர்வையோடு இரண்டு வார இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு சேர்ந்தால் காசநோய்ச் சோதனை கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்தால் இலவசம், மருந்தும் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1800-11-6666. நோய் உறுதியானால் சத்துணவுக்காக மாதத்துக்கு 1000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்குக்கு வரும். வரவில்லை என்றால் மருந்து கொடுக்கும் இடத்திலேயே காசநோயாளிகளுக்கான நிக்ஷய் பதிவில் கணக்கு எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிரைமரி வகைதான் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இரண்டு காரியம் ஆக வேண்டும். முதலாவது சிகிச்சை. அலுமினியம் குளோரைடு கலந்த திரவம்தான் பெரும்பாலும் முதலில் வரும். அதைக் காலையில் குளித்த கையோடு ஈரத்தில் தடவி, எரிகிறது என்று குப்பையில் போடுகிறவர்கள் ஏராளம். இரவில் படுக்கப் போகும்போது, தோல் முற்றிலும் காய்ந்தபின் தடவ வேண்டும். காலையில் கழுவிவிட வேண்டும். அக்குளை மழித்த அன்று தடவக் கூடாது. கட்டுப்பட்டபின் வாரத்துக்கு ஓரிரு முறை போதும். கை காலுக்கு, தண்ணீரில் வைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் அயன்டோபோரசிஸ் உண்டு. தொடக்கத்தில் வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது நிமிடம். கர்ப்பிணிக்கும், பேஸ்மேக்கர் வைத்தவருக்கும், உடலுக்குள் உலோகம் பொருத்தியவருக்கும் இது கூடாது. அக்குளுக்கு போடாக்ஸ் ஊசி சில மாதங்கள் தாங்கும், செலவும் அதிகம். கிளைகோபைரோலேட் போன்ற மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் கட்டும். சித்திரை வெயிலில் வேலை பார்ப்பவருக்கு வியர்வை அடைபட்டால் வெப்ப மயக்கமே வரலாம்.

இரண்டாவது காரியத்தைத்தான் எல்லாரும் மறந்துவிட்டு வருகிறார்கள். நோயின் பெயரை ஓ.பி. சீட்டில் தெளிவாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்தச் சீட்டு பல இடங்களில் பேசும்.

முதலில் ரேஷன் கடை. விரல் ஈரமாக இருந்தால் ரேகையின் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், கருவிக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு ஆதாரைப் புதுப்பித்து என்ன ஆகும்? கட்டணம் கட்டி வந்து நின்றால் அதே ஈர விரல். பருத்தித் துணியால் துடைத்து, காற்றில் காட்டிவிட்டு, வேறு விரலை வையுங்கள். பவுடர் பூசாதீர்கள், கண்ணாடி அழுக்காகி அடுத்தவருக்கும் விழாது. அட்டையில் பெயருள்ள வேறு யாரும் ரேகை வைக்கலாம். கருவிழிக் கருவி இருக்கிற கடையில் அதைக் கேளுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றாலும் பொருள் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. ரேகை பொருந்தாததற்காக யாருக்கும் பயனை மறுக்கக் கூடாது, மாற்று வழியில் கொடுத்துத் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24-லேயே சுற்றறிக்கை விட்டது. கடைக்காரர் தெரியாது என்பார். அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, அதற்கு நீங்கள் பட்டினி கிடக்க முடியாது.

வாயால் சண்டை போட்டுப் பயனில்லை, மனுவாகக் கொடுங்கள். வட்ட வழங்கல் அலுவலருக்கு, சென்னை என்றால் உணவுப் பொருள் வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையருக்கு எழுதுங்கள். அட்டை எண், கடை எண், எந்தெந்தத் தேதியில் ரேகை விழவில்லை, என்ன பொருள் தரவில்லை, இவை நான்கும் இருக்கட்டும். ஓ.பி. சீட்டின் நகலை இணையுங்கள். உங்கள் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை இல்லாத மனு மேசையைத் தாண்டாது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வழக்கமாக நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமிலும், கலெக்டர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் கூட்டத்திலும் கொடுக்கலாம். தொலைபேசிப் புகாருக்கு 1967. புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்திலும் அதே சீட்டுதான். ரேகை வருகைப்பதிவு விழாமல் சம்பளம் பிடித்தால், சீட்டின் நகலோடு மாற்றுப் பதிவு கேட்டு மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் இந்தச் சிகிச்சைக்கு நீங்கள் கைக்காசு போட வேண்டாம். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, தோல் மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொரு வகைகளில் இது இல்லை.

கடைசியாக அந்த அறுவைச் சிகிச்சை. உள்ளங்கை வியர்வைக்காக ராணுவத்திலும் துணை ராணுவத்திலும் மருத்துவத் தகுதி மறுப்பது உண்மை. அதற்காகப் பையன்கள் மார்புக்குள் குழாய் விட்டு நரம்பைத் துண்டித்துக்கொள்கிறார்கள். கை காய்ந்துவிடும். அதற்குப் பதிலாகப் பலருக்கு முதுகு, வயிறு, தொடை என்று வேறு இடத்தில் ஊற்றெடுக்கும். வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்க நம்பகமான வழி இல்லை. இதைச் சொல்லாமல் விடும் தனியார் மருத்துவமனைகள் உண்டு. தகுதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டு மருத்துவப் பரிசோதனைக்கான கெடுவை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அது சில நாட்களில் முடிந்துவிடலாம். அலுமினியம் குளோரைடு திரவமும் அயன்டோபோரசிஸும் பார்க்காமல் அறுவை மேசையில் படுக்காதீர்கள்.

ஏற்கெனவே செய்துகொண்டு, பின்விளைவைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பவர்கள் முதலில் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் உட்பட முழு மருத்துவக் கோப்பையும் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழி கேட்க 1915.