சோலிங்கன் அலகும் தஞ்சைக் கைப்பிடியும்

போரில் குத்துவதற்காக அன்றி, சீருடையின் மேல் பதவியின் அடையாளமாகத் தொங்கவிடுவதற்கென்றே செய்யப்பட்ட குத்துவாள்களைத் திரட்டுவோர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுள் பலர் தேடுவது, ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பட்டறைகளில் 1930களில் உருவானவற்றையே. 1935ஆம் ஆண்டு தரைப்படை அதிகாரிகளுக்கென வகுக்கப்பட்ட குத்துவாளுடன் உலோக உறையும், அதை இடுப்பில் தொங்கவிடும் பட்டைகளும், பிடியைச் சுற்றிக் கட்டும் சரிகைக் குஞ்சமும் சேர்ந்தே இருந்தன. 1945க்குப் பின் நேச நாட்டுப் படையினர் அவற்றை நினைவுப்பொருளாக அள்ளிச் சென்றதில் வாள் ஓரிடமும் பட்டை வேறிடமுமாகச் சிதறியதால், பிற்காலத்தில் பொருத்தப்பட்ட உதிரிகளும் அப்பட்டமான போலிகளும் சந்தையில் மலிந்தன. நாஜி ஆட்சியின் சின்னம் தாங்கியவை என்பதால், ஜெர்மானியச் சட்டம் இவற்றைப் பொதுவெளியில் காட்டுவதற்குத் தடை விதித்து, ஆய்வு, கல்வி போன்ற நோக்கங்களுக்கு விலக்கு அளிக்கிறது; அது நியாயமே.

சோலிங்கன் என்ற பெயர் தமிழகத்துக்கு அத்துணை அந்நியமானதன்று. விஜயநகர, நாயக்கர் காலப் பட்டறைகளில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் உருவான கட்டாரிகள் பலவற்றில், கைப்பிடி உள்ளூர்க் கொல்லரின் வேலையாகவும், அலகு கடல் கடந்து வந்த ஐரோப்பிய வாளின் துண்டாகவும் இருப்பதைக் காணலாம். கட்டாரி என்பது, இரண்டு குறுக்குக் கம்பிகளை உள்ளங்கையில் இறுகப் பற்றி, முஷ்டிக்கு நேராக நீளும் அலகால் குத்தும் ஆயுதம். தஞ்சைக் கட்டாரியின் தனிச்சிறப்பு, புறங்கையை மறைத்து இலை போல வளைந்து நிற்கும், துளைவேலைப்பாடு கொண்ட எஃகுக் கவசம். அதன் விளிம்பிலோ அலகின் அடியிலோ கோயில் தூண்களில் காணும் யாளியின் தலை எட்டிப் பார்க்கும். அலகை இரு எஃகுப் பட்டைகளுக்கு நடுவே செருகித் தறையாணி அடித்திருப்பதால், பழைய அலகு தேய்ந்தால் கழற்றி வேறொன்றைப் பொருத்த முடிந்தது. நீண்ட ஐரோப்பிய வாளை வெட்டிக் குறுக்கியதால், அலகின் பள்ளக்கோடுகளில் பொறித்திருந்த எழுத்துகள் பாதியிலேயே அறுபட்டு நிற்பதும் உண்டு. எனினும் முத்திரையை மட்டும் நம்பி ஊரைத் தீர்மானிப்பது பிழையாகும். பாசாவ் நகரத்து வாள்கொல்லர் பொறித்த ஓடும் ஓநாய் முத்திரையைச் சோலிங்கன் கொல்லரும் தம் அலகுகளில் தயங்காமல் பொறித்தனர். போலியின் வரலாறு சேகரிப்பின் வரலாற்றைவிட மூத்தது.

தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபின், அரண்மனை ஆயுதச்சாலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கிருந்தவற்றுள் தேர்ந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர, ஏராளமானவை உடைபட்டுப் பழைய இரும்பாயின. வேறு சில வெளிநாடுகளுக்குச் சென்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை பரவியுள்ளன. எது யாருடையது, எந்த உறையில் இருந்தது என்ற குறிப்பு பெரும்பாலும் உடன் செல்லவில்லை. இரும்பு இழப்பைக் காட்டிலும் இந்தக் குறிப்பின் இழப்பே பெரிது. உறையும் ஊர்ப்பெயரும் அற்ற கட்டாரி விலைக்குப் போகுமே தவிர, வரலாற்றுக்கு அரைச்சாட்சிதான்.

கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் இவ்வாயுதங்களின் காலம் கடந்து சென்றிருக்கிறது. தியாகதுருகம் மலைக்கோட்டையை 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஹைதர் அலியின் படைக்கு ஒப்படைத்தார். அடுத்த ஆண்டே அது ஆங்கிலேயர் வசமானது. இத்தகைய நிலப்பகுதிகளில் பழைய வீடுகளின் பரணில் துருவேறிய குத்துவாள் கிடந்தால், ஆயுத பூஜைக்கு முதல் நாள் புளியும் செங்கற்பொடியும் போட்டுத் துலக்குவது வழக்கம். பக்திக்கு அது குறையல்ல; ஆனால் அலகில் பதித்த பொன்னிழையும் மங்கலான முத்திரையும் அந்தத் தேய்ப்பிலேயே கரைந்துபோகும். மெல்லிய எண்ணெய் பூசி, உறையைப் பிரிக்காமல், கிடைத்த இடத்தையும் வழிவந்த குடும்பத்தையும் எழுதி வைப்பதே போதுமானது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டைக் கடந்த இத்தகைய கலைப்பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது, வணிகம் செய்ய உரிமம் வேண்டும். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படுவதாயின், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கிறது.