1 லட்ச ரூபாய் இயர்போன்: காசு எங்கே போகுது, சவுண்டு எங்கிருந்து வருது?

நோ-காஸ்ட் இஎம்ஐ பற்றி நம்ம சேனல்ல பேசினதுக்கு அப்புறம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். "அண்ணா, கைக்கு வர்ற சம்பளம் 65 ஆயிரம். 1,20,000 ரூபாய்க்கு ஒரு இயர்போன் பார்த்து வெச்சிருக்கேன். 12 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ இருக்கு. வாங்கலாமா? லூசுன்னு மட்டும் திட்டிடாதீங்க."

திட்டப் போறதில்லை. "அந்தக் காசை எஸ்ஐபி-ல போட்டிருந்தா 10 வருஷத்துல எவ்வளவு ஆகியிருக்கும் தெரியுமா?" என்கிற வழக்கமான டயலாக்கையும் விடப் போறதில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தா பிரியாணிகூட சாப்பிட முடியாது. சம்பாதிக்கிறதே கொஞ்சம் அனுபவிக்கத்தான். ஆனா கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்குது, எவ்வளவு காசுக்கு எவ்வளவு கிடைக்குதுன்னு கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. அந்தக் கேள்விக்கு இந்தப் பொருள்ல கொஞ்சம் ஆச்சரியமான பதில் இருக்கு.

இந்த விலை எங்கிருந்து வந்தது?

மேடையில பாடகர்கள் காதுக்குள்ள ஒண்ணு செருகியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அதுதான் இன்-இயர் மானிட்டர், சுருக்கமா ஐஇஎம். காதுத் துவாரத்தை அடைச்சு, வெளிச் சத்தத்தைக் குறைச்சு, பாட்டை மட்டும் உள்ளே அனுப்புற பொருள். பாட்டு கேட்கிற சாதாரண ஆளுங்களுக்குன்னு அமெரிக்காவோட எடிமோட்டிக் கம்பெனி 1991-ல ஈஆர்-4 என்ற மாடலைக் கொண்டு வந்தது. 2013-ல ஷுர் கம்பெனியோட எஸ்இ846 வந்தப்போ விலை 999 டாலர். 2021-ல சென்ஹைசர் ஐஈ 900 வந்தப்போ சுமார் 1,300 டாலர். இன்னைக்கு இதைவிடப் பல மடங்கு விலையிலும் ஐஇஎம் இருக்கு.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. அதே சென்ஹைசர் 2023-ல ஐஈ 200-னு ஒரு மாடல் விட்டாங்க. விலை சுமார் 150 டாலர். ரெண்டிலுமே ஒரு காதுக்கு ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டிரைவர்தான் (உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கரைத்தான் டிரைவர்னு சொல்றாங்க). அளவு ஒண்ணு, அதனால பொருளும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. ஐஈ 900-ஓட உடம்பு அலுமினியக் கட்டியில இருந்து கடைஞ்சு எடுத்தது. தேவையில்லாத அதிர்வை அடக்க உள்ளே குட்டிக் குட்டி அறைகள் வெச்சிருக்காங்க. அந்த வேலைக்கெல்லாம் காசு ஆகும். ஆனா விலை எட்டு மடங்குக்கு மேல. சவுண்டும் எட்டு மடங்கா?

2017-ல ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களோட அலைவரிசை அளவீட்டை எடுத்து விலையோட ஒப்பிட்டுப் பார்த்தார். அதாவது பேஸ், குரல், உச்ச ஒலி எல்லாம் எந்த அளவு வருதுங்கிற அளவீடு. அதுக்கும் விலைக்கும் தொடர்பே இல்லைன்னு முடிவு வந்தது. ஆடிட்டர் பாஷையில சொன்னா, இது ஒரு குவாலிஃபைடு ஒப்பீனியன்தான். உழைப்பு, சௌகரியம், காதுல உட்கார்ற விதம் இதெல்லாம் அந்தக் கணக்குல வராது. ஆனாலும் "விலை அதிகம்னா சவுண்டும் நல்லா இருக்கும்" என்கிற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

பத்து நாள் கையில இருந்தது

ஒரு நண்பர் தன்னோட ஐஈ 900-ஐ பத்து நாளைக்குக் கொடுத்தார். என்கிட்ட ஏற்கெனவே ஐஈ 200 இருக்கு. கூட மூன்டிராப் சூ 2-ம் இருக்கு, 2 ஆயிரம் ரூபாய் அளவுல கிடைக்கிற சீன ஐஇஎம். மூணையும் மாத்தி மாத்திக் கேட்டேன்.

ஐஈ 900-ஓட முதல் பத்து நிமிஷம் "இவ்வளவுதானா?"ன்னுதான் இருந்தது. பேஸ் கொஞ்சம் தூக்கல், குரல் ஒரு அடி பின்னாடி நிக்கிற மாதிரி. லட்ச ரூபாய்க்கு வானத்துல இருந்து தேவதை இறங்கி வரணும்னு மனசு எதிர்பார்க்குது, வர்றது என்னவோ அதே பாட்டு.

ரெண்டாவது நாள் இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் போட்டேன். 1986-ல வந்தது, பாக் இசையையும் கர்நாடக இசையையும் கோர்த்த ஆல்பம். வயலின்கள் கூட்டமா வர்ற இடத்துல சூ 2-ல அது ஒரு திரை மாதிரி மொத்தமா கேட்டுச்சு. ஐஈ 900-ல அந்தக் கூட்டத்துக்குள்ள ஒவ்வொரு இழையா பிரிஞ்சு தெரிஞ்சது. வில் கம்பியில உரசுற அந்த மெல்லிய சொரசொரப்புகூட. ரஹ்மான் பாட்டுகள் பலதுல கீத் பீட்டர்ஸ் வாசிச்ச பேஸ் கிட்டார் இருக்கு இல்லையா, சாதாரண இயர்போன்ல அது 'தும் தும்'னு ஒரு அதிர்வா போயிடும். இதுல அது எந்த ஸ்வரத்துக்குப் போகுதுன்னு கையால எழுதலாம் போல இருந்தது.

அப்போ வித்தியாசம் இருக்கு. பொய் இல்லை. ஆனா அது எங்கே இருக்குன்னு சொல்றேன்: சூ 2-ல இருந்து ஐஈ 200-க்குப் போறப்போ ஒரு படி ஏறின மாதிரி தெரியும். ஐஈ 200-ல இருந்து 900-க்குப் போறப்போ அரைப் படி. கண்ணை மூடி, அமைதியான ரூம்ல, நல்லா பதிவான பாட்டைக் கேட்டாத்தான் அந்த அரைப் படி. கூட்டமான பஸ்ல நின்னுக்கிட்டுக் கேட்டப்போ எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்தது. இது என் காது, என் அனுபவம், உங்களுக்கு மாறலாம்.

கடையில ரெண்டு நிமிஷம் கேட்டு முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றதும் இதனாலதான். முதல்ல காதைப் பிடிக்கிறது எப்பவுமே தூக்கலான பேஸும், கூர்மையான உச்ச ஒலியும்தான். ஒரு வாரம் கழிச்சு அந்தக் கூர்மையே தலைவலி ஆகும். இன்னொண்ணு, ரெண்டு இயர்போனை ஒப்பிடும்போது வால்யூம் சமமா இருக்கணும். துளி அதிகமா ஒலிக்கிறதை நம்ம மூளை "அதிகம்"னு சொல்லாது, "நல்லா இருக்கு"ன்னு சொல்லும். விற்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

முதல்ல 500 ரூபாய் செலவு பண்ணுங்க

இந்தப் பத்து நாள்ல எனக்குக் கிடைச்ச பெரிய வித்தியாசம் விலையில இருந்து வரலை, நுனியில மாட்டுற ரப்பர் டிப்ஸ்ல இருந்து வந்தது.

ஐஇஎம்-ல பேஸ் வரணும்னா காது முழுசா அடைபடணும். ஊசி முனை அளவு இடைவெளி இருந்தாலும் கீழ்ஸ்தாயி ஒலி எல்லாம் அந்த வழியாக் கசிஞ்சு போயிடும். மிச்சம் இருக்கிறது கீச்சுனு, தகர டப்பா சவுண்டு. "இவ்வளவு காசு கொடுத்தும் பேஸே இல்லை"ன்னு புலம்புறவங்கள்ல பல பேர் பெட்டியில வந்த நடு சைஸ் டிப்ஸை அப்படியே மாட்டினவங்க. சரியா அடைச்சிருக்கான்னு பார்க்க ஒரு எளிய வழி: பேஸ் நல்லா இருக்கிற பாட்டைப் போட்டுட்டு, இயர்போனை விரலால மெதுவா உள்ளே அழுத்துங்க. அழுத்தினதும் பேஸ் திடீர்னு கூடினா, அதுவரைக்கும் கசிஞ்சுக்கிட்டு இருந்ததுன்னு அர்த்தம்.

மாட்டுற முறையும் முக்கியம். வலது காதுல வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னாடி கொண்டு போய் காது மடலை மேலேயும் பின்னாடியும் இழுத்துப் பிடிங்க. துவாரம் நேராகும், டிப்ஸ் சரியா உட்காரும். ஒயரைக் காதுக்கு மேலே சுத்தி விடுங்க. நடக்கும்போது ஒயர் உரசுற சத்தமும் குறையும். ரெண்டு காதும் ஒரே அளவுல இருக்கணும்னு எந்த சட்டமும் இல்லை. எனக்கு இடது காதுக்குச் சின்ன சைஸ், வலதுக்கு நடு சைஸ். சிலிகான் டிப்ஸ் நிக்கலைன்னா நுரை டிப்ஸ் பாருங்க. உருட்டி அமுக்கி உள்ளே வெச்சா அதுவா விரிஞ்சு அடைச்சுக்கும். சில மாசத்துல தேய்ஞ்சு போகும், அந்தத் தொடர் செலவையும் கணக்குல வெச்சுக்குங்க. உச்ச ஒலியின் கூர்மையையும் நுரை கொஞ்சம் தணிக்கும். சில பேருக்கு அதுவே வரம், சில பேருக்கு 'டல்'லா தெரியும்.

ஐஈ 200-ல கூடுதலா ஒரு வசதி: டிப்ஸை ரெண்டு நிலையில மாட்டலாம், ஒண்ணுல பேஸ் அதிகம், ஒண்ணுல குறைவு. பைசா செலவில்லாம ரெண்டு சவுண்டு.

மத்தது சுருக்கமா. போன்ல ஓட்டை இல்லைன்னா ஒரு டாங்கிள் வாங்கணும். 1,000 ரூபாய் அளவுல வர்ற நல்ல டாங்கிளே பெரும்பாலான ஐஇஎம்-களுக்குப் போதும். இவை ரொம்பக் கம்மி பவர்ல ஓடுற பொருள். ஆம்ப்ளிஃபையர், வெள்ளி ஒயர் எல்லாம் இந்தக் கட்டத்துல உங்க பர்ஸுக்குத்தான் வித்தியாசம் காட்டும். ஸ்ட்ரீமிங் ஆப்ல தரத்தை உச்சத்துல வைங்க. பல பேர் டேட்டா மிச்சம் பண்ற செட்டிங்ல வெச்சுட்டு ஹெட்போனைக் குறை சொல்றாங்க. ஈக்வலைசரைத் தொடுறது பாவம்னு நினைக்காதீங்க. குரல் பின்னாடி இருந்தா ரெண்டு புள்ளி தூக்குங்க, அவ்வளவுதான். இலவசம்.

காது அடைபட்டதால வர்ற இன்னொரு லாபம், வால்யூமைக் குறைக்கலாம். பெரியவங்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபல், அதுதான் பாதுகாப்பான எல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. டெசிபல் 3 கூடினா கேட்கிற நேரத்தைப் பாதியாக்கணும். பஸ் சத்தத்தை மீறணும்னு வால்யூமை ஏத்துறவங்களுக்கு இந்த எல்லை சீக்கிரம் வந்துடும். இயர்போன் கெட்டா வேற வாங்கலாம், காதுக்கு அந்த வசதி கிடையாது. ரோடு, தண்டவாளம் கடக்கும்போது கழட்டிடுங்க, ஹார்ன் நிஜமாவே கேட்காது.

இப்போ இஎம்ஐ-க்கு வருவோம்

தம்பி சொன்ன திட்டம்: மாசம் 10,000, 12 மாசம், வட்டி பூஜ்யம். பூஜ்ய வட்டினு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லிடுச்சு. நடக்கிறது என்னன்னா, கடைக்காரர் வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுக்கிறார், வங்கி அதை வட்டியா வசூல் பண்ணுது. வட்டி 15%-னு வெச்சுக்குவோம். அப்போ கடன் அசல் சுமார் 1,10,793, வட்டி 9,207. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உண்டு: 1,657 ரூபாய். அது உங்க தலையில. கூட பிராசஸிங் கட்டணம், அதுக்கும் ஜிஎஸ்டி. ரொக்கமாக் கொடுத்தா கடையில 5% குறைப்பாங்கன்னா, அந்த 6,000-மும் போச்சு. ஆக 'நோ-காஸ்ட்' என்பது 8,000-ஐ நெருங்கலாம்.

ஆனா என் தயக்கம் அந்த 8,000-க்காக இல்லை. அவர்கிட்ட ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்டேன்: மூணு மாச செலவுக்கு அவசர நிதி இருக்கா, கம்பெனி கொடுத்தது தவிர சொந்தமா மருத்துவக் காப்பீடு இருக்கா? ரெண்டும் இல்லை. ஊர்ல அப்பா, அம்மா இவரை நம்பித்தான் இருக்காங்க. அப்படியிருக்க அடுத்த 12 மாசத்துக்குச் சம்பளத்துல 15%-ஐ முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறது எனக்குச் சரியாப் படலை. வேலை போச்சுன்னா இயர்போனை விற்கலாமேன்னு சொல்லலாம். செகண்ட் ஹேண்ட்ல விலை நல்லாவே அடி வாங்கும். காதுக்குள்ள போட்ட பொருளை வாங்கப் பல பேர் யோசிப்பாங்க.

நான் அவருக்குச் சொன்னது: 2 ஆயிரம் ரூபாய்ல ஒரு ஐஇஎம், 500-க்கு நாலஞ்சு வகை டிப்ஸ், ஒரு டாங்கிள். ஆறு மாசம் இதுல கேளுங்க. மாசம் 10,000 இஎம்ஐ கட்டுறதா நினைச்சுக்கிட்டு உங்களுக்கே கட்டுங்க: 7,000 அவசர நிதிக்கும் காப்பீட்டுக்கும், 3,000 'ஆசை அக்கவுண்ட்'டுக்கு. ஆறு மாசத்துல ஆசைக் கணக்குல 18,000 இருக்கும், அது ஐஈ 200 ரகத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். அதுக்கு அப்புறமும் அந்த அரைப் படி வேணும்னு மனசு அடிச்சா, சேர்த்து ரொக்கமா வாங்குங்க, நான் கை தட்டுறேன். தினம் ஒன்றரை மணி நேரம், வருஷம் 300 நாள், 5 வருஷம் கேட்டா 2,250 மணி நேரம். 1,20,000-ஐ வகுத்தா மணிக்கு 53 ரூபாய். சினிமா டிக்கெட்டோட ஒப்பிட்டா மோசமில்லை. அலமாரியில தூங்கினா மட்டும்தான் அது நஷ்டம்.

இதைப் படிக்கிற யூடியூபர்கள், சவுண்டு எடிட்டர்களுக்குத் தனியா ஒண்ணு. நீங்க ஜிஎஸ்டி பதிவு உள்ளவரா, நிஜமாவே தொழிலுக்குத்தான் வாங்குறீங்களா? அப்போ பில்லுல உங்க ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்க. 1,20,000-ல ஜிஎஸ்டி பங்கு மட்டும் 18,305 ரூபாய், அதை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம். எடுத்துட்டா அந்தத் தொகைக்குத் தேய்மானம் கேட்கக் கூடாது. சொந்தமாப் பாட்டு கேட்க வாங்கிட்டு கம்பெனி கணக்குல தள்ளுறது வேற கதை, அதுக்கு என்கிட்ட வராதீங்க.

கடைசியா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் விதியைப் படிங்க. காதுக்குள்ள போற பொருள்னு சொல்லி சீல் உடைச்சா திருப்பி எடுக்காத கடைகள் உண்டு. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா இறக்குமதி வரியும் சேரும், வாரண்டிக்கு அனுப்புற செலவும் உங்களோடது. இந்தியாவுல அதிகாரப்பூர்வ விற்பனையாளர் கிட்ட, உங்க பேர்ல பில்லோட வாங்குங்க. முடிஞ்சா உங்க டிப்ஸையும் உங்க போனையும் எடுத்துட்டுப் போய் கடையில அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுட்டு வாங்க.